சன்னலுக்கு வெளியே எறிந்த ஆப்பிள்

அன்பு மகள் பிரையனிக்கு, பெர்த்தில் நீ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் நாயும் கோழிகளும் குளிரைத் திட்டிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். இன்று எழுந்ததும் முதல் வேலையாகக் கோழிகளின் தண்ணீர்த் தட்டில் உறைந்திருந்த பனிக்கட்டியைப் பூட்ஸ் குதிகாலால் உடைத்தேன். ஜூன் இப்போதுதான் பிறந்தது, குளிர்காலத்தின் தொடக்கம்தான், அதற்குள் இப்படி. பிறகு நாயைக் கூட்டிக்கொண்டு, தண்டவாளத்தை எடுத்து நடைபாதையாக்கிய பழைய ரயில்பாதையில் நடக்கப் போனேன். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொன்னாயே, அதை யோசிக்கத்தான் போனேன், ஆனால் யோசித்தது வேறு. மேடு ஏறும் வளைவில் இலை எல்லாம் உதிர்ந்த ஓர் ஆப்பிள் மரம், கிளையில் இன்னும் மஞ்சள் பழங்கள். இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், ஒருநாளும் கடித்துப் பார்த்ததில்லை, இன்று கடித்தேன். உறைபனி பட்டதாலோ என்னவோ, தேனும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு ருசி. அந்த மேட்டில் ரயில் மெதுவாகத்தான் ஏறியிருக்கும், யாரோ தின்றுவிட்டுச் சன்னல் வழியே எறிந்த ஆப்பிளின் விதையிலிருந்து முளைத்திருக்க வேண்டும். யார் எறிந்தார்கள்? ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்தவனா, வீட்டோடு கோபித்துக்கொண்டு கிளம்பிய பெண்ணா? ஆப்பிள் விதையிலிருந்து வருவது தாய் மரத்தைப்போல இருக்காது, உன்னைப் பெற்றவளுக்கு அதில் ஆச்சரியமில்லை. அப்படியென்றால் இந்த ஆப்பிள் உலகத்தில் வேறெங்கும் இல்லை, இல்லையா?

அடிமரத்தில் இளஞ்சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி. நடைபாதையைப் பராமரிக்கும் குழுவின் தலைவர் மெர்வினும் அவர் மனைவி நோலீனும் பெயின்ட் டப்பாவோடு சற்றுத் தள்ளி அடுத்த மரத்தடியில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிக் களை வெட்டுகிறார்களாம், பிறகு வழக்கம்போல ரொட்டியும் சாசேஜும். இந்த மண்ணின் மரம் இல்லையென்றால் வெட்டு, அதுதான் சட்டம் என்றார் மெர்வின். ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தேன். தின்றார், இன்னொன்று கேட்டார். "வெளியிலேந்து வந்து தானா மொளச்சா அது களைதான் ஜனீன். நாமகூடத்தான், நம்ம மேல பெயின்ட் அடிக்கத்தான் ஆளில்ல" என்றார். நோலீன் விடவில்லை. "களையைத் தின்னுக்கிட்டே களைங்கிறியே மெர்வ், வாயையாவது தொடச்சுக்கிட்டுச் சொல்லு." மெர்வின் வாயைத் துடைத்துக்கொண்டார், குறியை அழிக்கவில்லை. ஆனால் போகும்போது தன் பேனாக்கத்தியை என் கையில் வைத்துவிட்டு, திருப்பித் தர அவசரமில்லை என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கத்தியால் மரத்திலிருந்து பென்சில் பருமனில் ஏழெட்டுக் குச்சி வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்திருக்கிறேன். மரம் தூங்கும் இந்தக் குளிரில்தான் வெட்ட வேண்டுமாம், வசந்தத்தில் வேறொரு ஆப்பிள் மரத்தின் கிளையில் ஒட்டுக் கட்ட வேண்டுமாம். முதலில் உன் வீட்டுக் கொல்லையில்தான் வைத்துப் பார்த்தேன், மனத்துக்குள். ஆனால் பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று ஆப்பிள் குச்சியை உங்கள் மாநிலத்துக்குள் விடமாட்டார்கள். பிறகு நம் தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் கிழ ஆப்பிள் மரம் ஞாபகத்துக்கு வந்தது.

இரவுப் பணி முடிந்து கார் ஓட்டும்போது கண் செருகினால் ஓரமாக நிறுத்து, மறக்காதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடக்கட்டும், என் கண்ணே. ஒட்டுக் கட்டினால் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகுமாம். இதை நோலீனிடம்கூட இன்னும் சொல்லவில்லை, நீதான் முதலில் படிக்கிறாய்: அது காய்க்கும்போது நான் இங்கே இருக்கப்போகிறேன். உன்னைப் பார்க்க வருவேன், வீட்டை விற்கமாட்டேன்.

உன் அம்மா,
ஜனீன்