பள்ளத்தில் விழுந்த பந்து

என் துரைக்கு,

போதும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பும் பதினோரு வருடம் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன். இப்போது உன் பெயரை வைத்து ஊர் சண்டை போடுகிறது. இனியும் சும்மா இருந்தால் நான் மனிதனில்லை.

முதலில் சேதியைச் சொல்கிறேன். அட்டுவம்பட்டி மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் பந்து பள்ளத்துக்குள் உருண்டு போகாமல் இருக்கக் கல்சுவர் கட்டப் போகிறார்கள். அதில் உன் பெயரை வெட்ட வேண்டும் என்று பாதிப் பேர். மீதிப் பேர், "பந்து ஒதச்சவனுக்குக் கல்வெட்டா? தண்ணிக் குழாய் பதிச்சவன் பேரு எங்கவே இருக்கு?" என்கிறார்கள். நேரில் பேசினால் கைகலப்பில் முடிகிறது. அதனால் விளையாட்டு மன்றத்துக்காரர்கள் ஒரு வழி செய்திருக்கிறார்கள். அபிப்பிராயம் உள்ளவர்கள் எழுதித் தபாலில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பார்கள். உன் மனைவி மல்லிகாவும் வருவாள்.

பந்து உதைப்பவனுக்கு என்ன பெருமை என்ற அந்தக் கேள்வி இந்த ஊரில் முதலில் எனக்குத்தான் வந்தது. நான் எம்.ஏ. தேறி மதுரையிலிருந்து வந்த அன்று நம் அய்யா முட்டைக்கோஸ் மூட்டை சுமந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "பாஸா? சரி, கை கழுவிட்டுச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். நீ எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். மெட்ராஸில் ஒரு மில் உன்னைப் பந்தாட எடுத்துக்கொண்ட அன்று பஸ் ஸ்டாண்டில் செவ்வந்தி மாலை, தோளில் தூக்கல், விசில். உன் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவன் நான். முதல் மாதமே, பள்ளிக்கூட வாத்தியாரான என் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வாங்கினாய்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதோடு உண்மையாகவே புரியவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த பையன் ஒருவன் தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். நீ உதைத்த பந்தால் யார் வீட்டில் உலை கொதித்தது? அய்யாவிடமே கேட்டேன். நாள் முழுக்கச் சுமை தூக்கிவிட்டு, உட்காரக்கூட இடமில்லாமல் நின்றபடி உன் ஆட்டத்தைப் பார்ப்பாரே.

"அதுல உங்களுக்கு என்னய்யா கெடைக்குது?"

"ஒண்ணும் கெடைக்கல. அந்த ஒரு மணி நேரம் முதுகு வலிக்கல."

"அதுக்கு எவ்வளவு குடுக்கலாம்?"

"பொருளாதாரம் படிச்சது நீயி. என்னையக் கேக்குற?"

பஜாரில் காதர் பாய் கடைக்கு டி.வி. வந்திருக்கிறது, உனக்குத் தெரியாது. கிரிக்கெட் நாளில் தெருவே அடைத்துவிடுகிறது. சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எக்கிப் பார்க்கிறார்கள். போன மாதம் ஒருவன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். கடை வாசலில் அத்தனை பேரும் ஒரே தொண்டையில் "அய்யய்யோ" என்றார்கள். நானும்தான், துரை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாயிடம் திரும்பி, "இவனுக்கெல்லாம் இவ்வளவு சம்பளமா?" என்று சமாளித்தேன்.

அவர் சிரித்தார். "வாத்தியார் சார், நீங்க தப்பாச் சொல்லிக் குடுத்தா யாருக்குத் தெரியும்? கதவச் சாத்திக்கிட்டுத்தானே நடத்துறீங்க. அவன் ஊரே பாக்க நழுவவிட்டுட்டு, அடுத்த பந்துக்கு அங்கனயே நிக்கணும். நீங்க நிப்பீங்களா?"

நிற்பேனா? அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். அதை இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை.

ஏனென்றால் நான் செய்தது கதவைச் சாத்திக்கொண்டு செய்த காரியம். நீ மில்லில் சேர்ந்த இரண்டாம் வருடம் உன் முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. "எட்டாம் வகுப்புத் தேறாத பந்தாட்டக்காரனைக் குமாஸ்தா என்று பதிந்து, படித்தவனைவிட அதிகம் கொடுப்பது எந்த நியாயம்?" என்று அதில் கேட்டிருந்தது. எழுதியவன் நான். அந்த ஜூனில் உனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது. ஆகவில்லை. வருடா வருடம் ஒப்பந்தக் காகிதத்தைப் புதுப்பித்தார்கள். முழங்கால் போன வருடம் புதுப்பிக்கவில்லை. நீ ஊருக்குத் திரும்பி, அய்யா தூக்கிய அதே மூட்டையை நொண்டிக்கொண்டு தூக்கினாய்.

என் கடிதத்தால்தானா? மில்லுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

போன வாரம் மல்லிகா உன் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "பெரியத்தான், இதுல பேப்பரா கெடக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. வேண்டாததுன்னா அடுப்புல போட்டுரலாம், பாத்துச் சொல்லுங்க" என்றாள். மேலே உன் பூட்ஸ். அடியில் உன் நாலாம் வகுப்புக் கட்டுரை நோட்டு. அதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று பிரித்தேன். உள்ளே நான்காக மடித்து என் மொட்டைக் கடிதம் இருந்தது. முதலாளி உன்னிடமே கொடுத்திருக்கிறார்.

நினைவிருக்கிறதா, உன் கட்டுரைகளை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். உன் வாத்தியாருக்கு என் எழுத்து தெரியும் என்பதால் இடது கையால் எழுதுவேன். உன் கிறுக்கலைப் போலவே இருக்கும். மொட்டைக் கடிதத்தையும், யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று, இடது கையால்தான் எழுதினேன். எவ்வளவு படித்தவன் பார் நான். உலகத்தில் ஒரே ஒருவனுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறேன்!

அத்தனை வருடமும் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயா? தீபாவளிக்கு எனக்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தாயே, அப்போதும் தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்றா?

மல்லிகா, "என்ன பேப்பரு அத்தான்?" என்றாள். "பழைய ஆபீஸ் காகிதம்மா" என்றேன். அவள் நம்பினாள்.

நம் மைதானத்துச் சட்டம் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பந்து பள்ளத்தில் விழுந்தால் உதைத்தவனே இறங்கி எடுத்து வர வேண்டும். பேரிக்காய்த் தோட்டம் தாண்டி ஓடை வரைக்கும் போயிருந்தாலும் அவன்தான் போக வேண்டும், அதுவரை ஆட்டம் நிற்கும். மில் பனியனோடு லீவில் வந்து ஆடினாயே, அன்று நீ உதைத்தது ஓடைக்கே போய்விட்டது. பையன்கள், "நீங்க இருங்கண்ணே, வெரசா எடுத்துட்டு வர்றோம்" என்று கிளம்பினார்கள். "ஏலே, ஒதச்சது யாரு? தள்ளு" என்று நீயே இறங்கினாய். அரை மணி நேரம் கழித்து முட்டி வரை சேற்றோடு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி வந்தாய். நீ போட்ட இரண்டு கோலுக்கும் தட்டாத கையெல்லாம் அப்போது தட்டியது. எதற்குத் தட்டினார்கள்? அன்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

மன்றத்துக்காரர்களுக்கு என் அபிப்பிராயம்: அந்த இரண்டு மடங்குச் சம்பளம் நியாயம்தானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. வாத்தியாருக்கும் சுமைக்காரனுக்கும் குறைவாகக் கொடுத்த ஊர், அந்தக் கோபத்தை ஆட்டக்காரன் மேல் காட்டக் கூடாது என்று மட்டும் தெரிகிறது. நான் காட்டினேன். அவன் பெயரைக் கல்லில் வெட்டுங்கள். சுவரை முழங்கால் உயரத்துக்கு மேல் கட்டாதீர்கள். எப்போதாவது பந்து தாண்டிப் போகட்டும்.

துரை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வந்துவிடுவேன். இதைப் படிக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒளிய மாட்டேன், மல்லிகா பக்கத்தில் நிற்பேன். படித்து முடித்ததும் அவள் என்ன சொன்னாலும், காறித் துப்பினாலும், அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். இது என் வாக்கு.

கீழே பெயர் போடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். போட்டால் துணிந்து ஒத்துக்கொண்டான் என்று நாலு பேர் எனக்கும் கை தட்டக்கூடும். ஆயுசெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஏங்கியவன் நான். எழுதியது யார் என்று கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்; ஆனாலும் பெயர் போட்டு அதை நானே கேட்டு வாங்க வேண்டாம். பெயர் போடாமலே உறையில் வைத்து ஒட்டித் தபாலில் சேர்க்கப் போகிறேன். இந்தத் தடவை வலது கையால்தான் எழுதியிருக்கிறேன். என் இரண்டு கை எழுத்தும் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்