இருபத்திரண்டு கதவுக்கும் கள்ளில்லாத குவளை

பாலே ஆற்றங்கரை
ஏப்ரல் 28

என் மகன் உந்திங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கோழி பன்றிகளோடு சுகமாக இருக்கிறோம், அங்கே கப்பல் பட்டறையில் நீயும் உடம்பில் நோவில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இந்த எழுத்து என்னுடையதேதான், சந்தேகப்படாதே. முதியோர் வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து கற்றது. மூன்று நாளாக எழுதுகிறேன், ஒவ்வொரு வரி முடிந்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கு என்கிறாள், ஆனாலும் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். போன மாதம் வந்த உன் கடிதத்தையும் நானே படித்தேன். என் வாழ்நாளில் நானாகப் படித்த முதல் கடிதம். அந்தச் சந்தோஷம் நான்காவது வரி வரைக்கும்தான் இருந்தது மகனே. ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு குவளை குடித்தாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதியிருந்த இடத்தைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று ஐந்து முறை படித்தேன். உன் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். யாருக்கும் சொல்லாதே என்று நீ கேட்டபடி வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அறுவடைத் திருநாளுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருடமாக உன் முகத்தைப் பார்க்காத அம்மா அதைக் கேட்டு அழுதாள். எனக்கோ அன்றிலிருந்து பயம். படித்துறையில் இறங்கி நம் நீள்வீட்டுக்குள் கால் வைத்தால் ஒரே கூரைக்குக் கீழே இருபத்திரண்டு குடும்பம், இருபத்திரண்டு கதவு, கதவுக்கு ஒரு குவளை அரிசிக் கள், வேண்டாம் என்று தாண்டிப் போனவனைப் பாம்போ முதலையோ தேடி வரும் என்கிற நம்பிக்கை வேறு. அத்தனை கதவையும் நீ எப்படித் தாண்டி வருவாய்? அதனால் ஒரு வேலை செய்தேன். நானே ஒரு பானம் காய்ச்சி எல்லாக் கதவுக்கும் கொடுத்துவிடுவது, உனக்கு மட்டும் அதை ஊற்றச் சொல்வது. அன்னாசிச் சாறு, நசுக்கிய எலுமிச்சைப்புல், தணலில் சுட்ட இஞ்சி. சுவை ஏறட்டும் என்று பழைய சாடியில் மூன்று நாள் மூடி வைத்தேன், அங்கேதான் தப்பு செய்தேன். சாடியை மூன்று முறை கழுவியிருந்தேன், முப்பது வருடம் கள் ஊறிய சாடி என்பதை நினைக்கவில்லை. திறந்தால் நுரை, வாயில் வைத்தால் நல்ல கள். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் கையாலேயே உனக்கு விஷம் கொடுத்திருப்பேனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பன்றித் தொட்டியில் கொட்டினேன். பக்கத்துக் கதவு ஜிலா எட்டிப் பார்த்து, அண்ணே உன் பன்னி ஆடுது, நான் தாளம் போடட்டுமா என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது புதுப் பானையில் கொதிக்க வைத்து அன்றைக்கே ஆற்றிக் கொடுக்கிறேன். காந்தாரி மிளகாய் இரண்டு கீறிப் போட்டு, சின்ன எலுமிச்சை பிழிந்து, ஒரு கல் உப்பும் சேர்த்தால் தொண்டையில் கள்ளைவிட நன்றாகவே எரிகிறது. உன் பழைய கூட்டாளி கெராசி, என்ன பெரியப்பா, காய்ச்சல் வந்தா கஷாயம், திருநாளுக்கும் கஷாயமா என்று நக்கலடித்தான், ஒரே மடக்கில் குடித்தான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று ஊத்து என்றான். உனக்கு வயிற்றுப் புண் என்று ஒரு பொய் சொன்னேன், இருபத்தொரு கதவு சம்மதித்துவிட்டது.

சம்மதிக்காதது தலைவர் கதவு, உன் தாய்மாமன் பானா. வயித்துப் புண்ணா, ஒரு குவளை உள்ளே போனா அதுவே கழுவி விட்டுடும் மச்சான் என்கிறார். குடிக்க முடியாதவன் கள்ளை விரலால் தொட்டு உதட்டில் தடவினால் போதுமே, வழக்கம்தானே என்றேன். அதெல்லாம் வெளியாளுக்கு, என் தங்கச்சி மகன் என் வாசலில் விரலையா நக்கிட்டுப் போவான் என்று கத்தினார். உன்னை மடியில் வைத்து வளர்த்தவர், அவரே பிடித்துப் புகட்டுவார், அவர் சொல்லை நீ தட்டவும் மாட்டாய். இதுதான் மகனே எனக்குத் தூக்கம் போன காரணம். அவரிடம் உண்மையைச் சொன்னால் கேட்பார். நீ சொல்லாதே என்றிருக்கிறாய். நமக்கு இதுவரை கடிதம் எழுதிக் கொடுத்தது அவர் மகள், அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். சொல்லலாம் என்றால் இரண்டு வரி எழுதிப் போடு, பெரிய எழுத்தாக எழுது. கூடாது என்றால் நீ வரவேண்டாம், நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம், அந்தப் புதுப் பானையும் வரும்.

உனக்கு வெட்கமாக இருக்கும் என்று தெரியும். மாமாவிடம் போனால் உன் நோயை நான் முதலில் சொல்ல மாட்டேன். உன் பதினான்காம் வயதில், இதே திருநாளில், வேண்டாம் அப்பா கசக்குது என்று நீ முகத்தைத் திருப்பியபோது மூக்கைப் பிடித்து முதல் குவளையை ஊற்றியவன் நான், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் கைதட்டினேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

முன்னோர் உன் பக்கம் நிற்கட்டும். ஆயுசு நீளட்டும். மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா லங்காய்
(கையெழுத்து நானே போட்டது)