ஐந்தாவது ஓட்டை

அவனியாபுரம், மதுரை

அன்புள்ள அம்மாவுக்கு, மலர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இவரும் நானும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ரெக்கார்டர் குழலை நானே படித்து வாசிக்கிறேன் என்றேனே, அதில் ஒரே ஒரு சுரம் பிசகிக்கொண்டே இருந்தது. டைரியில் குறித்திருக்கிறேன்: முப்பத்தொரு நாளும் பிசகு. நெட்டில் இலவசமாக எடுத்த நானூறு வருஷப் பழைய பாட்டில் அந்தச் சுரம் வரிக்கு வரி வருகிறது. ஞாயிறு ஆராதனையில் வாசிக்காமல் விலகிவிடலாம் என்றிருந்தேன். கூட வாசிக்கும் ஜெயக்கொடி நேற்று என் குழலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“யக்கா, இதுல அஞ்சாவது ஓட்ட சின்னது. இது ஜெர்மன் குழலு. நீங்க பரோக் குழலுக்கு உள்ள விரல் படத்த வச்சுக்கிட்டு இம்புட்டு நாளு மல்லுக்கட்டியிருக்கீக!”

இந்தக் குழலில் ஜெர்மன், பரோக் என்று இரண்டு வகையாம், எந்த ஓட்டையை எந்த விரலால் மூடுவது என்பது வகைக்கு வகை வேறாம். படத்தை மாற்றினேன், சுரம் சுத்தமாக வந்தது. ஞாயிறு ஒன்பது மணிக்கு வாசிக்கிறேன், எனக்காக ஜெபியுங்கள்.

வாசித்தபின் குழலுக்குள் மெல்லிய துணி விட்டு ஈரம் துடைக்க வேண்டும். இங்கேயும் துணி கிடைக்கும்தான். இருந்தாலும் உங்கள் பழைய வாயில் சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

குக்கர் விசில் அடிக்கிறது, எழுந்திருக்கிறேன்.

மலர்