உடை மாற்றும் அறைக் கதவு

குளச்சல்,
செவ்வாய் இரவு

அன்புள்ள அத்தானுக்கு லிஜா எழுதுவது.

நானும் மோளும் சுகம். அவளுக்கு இருமல் குறைந்திருக்கிறது, நெஞ்சில் சளி இல்லை என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை தொடங்கிவிட்டதால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மாமி உங்களுக்கு நெத்திலியை வெயிலில் உணக்கி வைத்திருக்கிறார்.

போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேசத் தொடங்கிவிடுவீர்கள். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இறால் கம்பெனியில் என்னோடு தரப் பரிசோதனையில் இருந்த டெல்சியை நினைவிருக்கும். திருநங்கை. மோளின் ஞானஸ்நான உடுப்பைத் தைத்துத் தந்தவள். கிறிஸ்துமசுக்கு முன் ராஜினாமா செய்தாள். தானாக எழுதவில்லை, எழுத வைத்தார்கள் என்று இப்போது தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை விசாரணை.

இறால் உரிக்கும் கூடத்துக்குப் போக உடை மாற்றும் அறைதான் வழி. அங்கே கோட்டு மாற்றி, கை கழுவி, பூட்ஸைக் குளோரின் தண்ணீரில் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். இவ்வளவு காலம் டெல்சியும் எங்களோடு அப்படித்தான் போனாள். திடீரென்று பெண்கள் அறைக்குள் வராதே, வெளியே ஐஸ் ஸ்டோரில் மாற்று என்றார்கள். அங்கே மாற்றிவிட்டு வந்தால், சுத்த விதியை மீறினாள் என்று மெமோ. மெமோ மேல் மெமோ. கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கம்பெனி சொல்வதைப் பார்த்தால், பெண்கள்தான் புகார் செய்தார்களாம். முக்கியமாக, பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி பயந்தாளாம். அது நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போன நாட்களில் பால் கட்டி நெஞ்சு கனக்கும். அந்த அறையில்தான் பிழிந்து எடுப்பேன். தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. டெல்சி வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள். “ஏட்டி, பதறாம இரி. தாழ்ப்பாளுக்கு நான் உண்டு” என்பாள். யாராவது அவசரமாக வந்தால், “உள்ள பேய் உண்டு, பிடிச்சா நான் பொறுப்பில்ல” என்று விரட்டுவாள். சிரிப்பில் பாதிப் பாலைச் சிந்தியிருக்கிறேன்.

நேற்று மேனேஜர், அதாவது உங்கள் பெரியப்பா மகன் கிளீட்டஸ் அண்ணன், என்னைக் கூப்பிட்டார். நான் பயந்ததாக டைப் செய்த தாளில் கையெழுத்துக் கேட்டார். “ஒரு ஒப்புதானே மக்கா, இட்டுட்டுப் போ. ஒனக்க மாப்பிள அனிஷுக்கிட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றார். மோளுக்கு இருமல், பஸ் போய்விடும் என்று சொல்லி வந்துவிட்டேன். இன்று பார்த்தால், அடுத்த வாரம் முதல் எனக்கு நைட் ஷிப்ட். டெல்சிக்கும் சின்னதாகத்தான் தொடங்கியது.

வியாழக்கிழமை விசாரணைக்குப் போகிறேன். நடந்ததை மட்டும் சொல்வேன். வேலை போகலாம் என்று தெரியும். மாமியிடம் சொன்னேன். “பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன்” என்றார்.

தாழ்ப்பாளை இன்னும் மாற்றவில்லை. இப்போதெல்லாம் ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் பால் எடுக்கிறேன்.

கிளீட்டஸ் அண்ணன் அங்கே அழைப்பார். அவர் பேசி முடித்த சூட்டில் என்னை அழைக்க வேண்டாம். அழைப்பதானால், போய்விட்டு வா என்று சொல்ல மட்டும் அழையுங்கள்.

மஸ்கட் வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதீர்கள். மாதா உங்களைக் காக்கட்டும். இரவு ஜெபத்தில் எங்கள் இருவர் பெயரோடு டெல்சியின் பெயரையும் சொல்லுங்கள், அத்தான்.

உங்கள்,
லிஜா