அரளி ஊறிய தண்ணீர்

ஆவணி 9, வியாழன்

காலையில் தூறல். பிரதோஷம். மாலை அரைநாள் லீவு கேட்டிருந்தேன், முழுநாளாகப் போயிற்று.

விடிந்து பார்த்தால் கிணற்றடியில் என் நாய் ஜிம்மி கிடக்கிறது. வாந்தி, நுரை. பின்கால் இழுக்கிறது. பின்வீட்டு ஏகாம்பரம் போன வாரம்தான் சொன்னார்: "இன்னொரு தபா இப்படிக் குலைச்சா மருந்து வெச்சிடுவேன் டீச்சர்."

தலையைக்கூட அள்ளி முடியாமல் தெருவுக்குப் போய்க் கத்தினேன். "வாயில்லா ஜீவனுக்கு விஷம் வெச்ச கை புழுத்துப்போவும்!"

"நான் வெக்கலீங்க டீச்சர். சத்தியமா வெக்கல."

தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நானும்தான்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர். காதில் வாங்காமல் ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் நாயை ஏற்ற மாட்டாராம். "பைரவர் வாகனம்யா. அண்ணாமலையார் ஊர்ல இருந்துக்குனு நாய ஏத்தமாட்டியா?" என்றேன். ஏற்றினார்.

கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். துடிப்பு தப்பித் தப்பி வருகிறதாம்.

"வீட்ல அரளி இருக்குதா?"

"இருக்குது. ஏன் சார்?"

"பறிச்சித் தண்ணில போட்டு வெச்சீங்களா?"

வைத்தேன். நேற்று சாயங்காலம், சாமி மாலைக்கு. காம்போடு ஒடித்து, வாடாமலிருக்க அகலத் தொட்டியில். அதைத்தான் குடித்திருக்கிறது. விஷம் வைத்தது என் கை.

ஊசி. கரித்தூள் கரைத்துக் கொடுத்தார். பிழைக்குமா என்றால், "நாளைக் காலையத் தாண்டட்டும்."

கோயிலுக்குப் போகவில்லை.

ஆவணி 10, வெள்ளி

தாண்டியது. நிற்க முடியவில்லை, கண் திறந்து பார்த்தது. கொஞ்சம் அழுதேன்.

டாக்டரைக் கேட்டுக் குறித்தது:
கூடாது – அரளி (சிவப்பு, மஞ்சள் எதுவும். இலை, குச்சி, ஊறிய தண்ணீர்கூட), எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு விதை.
பயமில்லை – செம்பருத்தி, மல்லி, ரோஜா, கனகாம்பரம்.
வில்வம் கேட்க மறந்தேன்.

கூடாததில் முதல் மூன்றும் சிவனுக்கு உகந்த பூ. அவருக்கென்ன, விஷத்தைத் தொண்டையோடு நிறுத்திக்கொண்டார். ஜிம்மிக்கு அந்த வித்தை தெரியாது.

ஆவணி 11, சனி

நல்ல வெயில். அரளியை வேரோடு வெட்டினேன். எரித்தால் புகையும் ஆகாதாம். குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டு கையிலும் கொப்புளம்.

வீட்டுக்கார அம்மாள் ஓடி வந்தார். "சாமி பூவும்மா! பாவம் சும்மா வுடாது."

"சாமிக்குப் பூ குடுக்க ஊரே இருக்குதுங்க. இதுக்கு நான் ஒருத்திதான்."

"இவ்ளோ வாய் இருந்தா வேற வீடு பாத்துக்கோ."

"பாத்துக்கறேன். நாயோடதான் போவேன்."

பாவமாம். வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஆவணி 12, ஞாயிறு

ஜிம்மி அரை டம்ளர் கஞ்சி குடித்தது. நாலு அடி நடந்தது.

ஏகாம்பரம் பாக்கி. இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். அவர் வீட்டுக்குள் போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வரலாம், வசதிதான். ஆனால் தெருவில் திட்டியதைத் தெருவில்தான் திரும்ப எடுக்க வேண்டும். வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நீங்க வெக்கல. எங்க வீட்டு அரளித் தண்ணி. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

அவர் உள்ளே போனார். ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். குரல் எனக்கு மட்டும் கேட்டது.

"மருந்து வாங்கினது வாஸ்தவம் டீச்சர். கை வரல. நீங்களே எங்கியாவது கொட்டிடுங்க."

வாங்கிக்கொண்டேன். கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுக்கவில்லை. நாயைக் கட்டிப்போடுவதாகவும் சொல்லவில்லை.