இறங்குகிற கோட்டுக்குக் கழித்தல் குறி

பூதலூர்,
6.1.2025

மரியே வாழ்க!

தங்கை ஜோதிக்கு, அக்கா எழுதுவது.

நீ மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் பி.எஸ்சி. கணக்கு படித்தவள் நீ ஒருத்திதான், என்ன செய்ய? அங்கன்வாடியில் எத்தனை காலம் உதவியாளராகவே பாத்திரம் கழுவுவது? பத்தாவது பாஸானால் பணியாளர் ஆகலாம். கணக்கில் இரண்டு முறை போய்விட்டது. ஏப்ரலிலும் போனால் இனி எழுத மாட்டேன்.

இந்தச் சாய்வுதான் உயிரை வாங்குகிறது. (0, 6), (3, 0) புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டு, சாய்வு 2 என்று எழுதினேன். டியூஷன் செழியன் சார், மைனஸ் 2 என்று அடித்துவிட்டார். "ஒழுங்கா ஓடுற தண்ணிக்கு எதுக்கு சார் மைனஸ்?" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீயே சொல். படத்தில் இடப்பக்கம் மேற்கு, கல்லணை. வலப்பக்கம் கிழக்கு, கடல். கோடு வலப்பக்கம் இறங்கினால்தானே வாய்க்கால் பாயும்? ஏறினால்தானே கோளாறு?

சகாயம்

நவகன்னியர் இல்லம்,
திண்டுக்கல்,
19.1.2025

அன்பு அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இங்கே கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். எங்கள் தலைவி, "உங்க அக்கா கேக்குறது நியாயந்தானே!" என்று சிரித்தார்.

உன் எண் சரி, குறிதான் தப்பு. தண்ணீரை மறந்துவிடு. கோட்டின் மேல் நீ நடக்கிறாய். வலப்பக்கம் ஓரடி வைத்தால் உயரம் எவ்வளவு கூடுகிறது? அதுதான் சாய்வு. இங்கே ஆறில் தொடங்கி, அடிக்கு இரண்டு குறைகிறது. கூடாமல் குறைவதால் மைனஸ் 2. சமன்பாடும் அதையே சொல்கிறது: y = −2x + 6.

கோபத்தோடேயே எழுது அக்கா. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஜோதி

பூதலூர்,
18.5.2025

ஜோதிக் கண்ணு,

பாஸ்! கணக்கில் 41. அப்பாடா! ரிசல்ட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இரண்டு புள்ளி கொடுத்துச் சாய்வு கேட்டிருந்தார்கள். விரலால் கோட்டின் மேல் நடந்து பார்த்தேன். இறங்கியது. மைனஸ் போட்டேன். கண்காணிப்பாளர் வந்து, "என்னம்மா, தாள்ல பூச்சியா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கும் பூசைக்கு வருகிறேன். முன்வரிசையில் இடம் பிடித்து வை. நான் அழுவேன். அது கோபத்தில் இல்லை என்று உங்கள் தலைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

உன் அக்கா,
சகாயம்