கேன்

மார்ச் 3

என் வீட்டுக்காரர் முரிமி வேலை செய்கிற கொட்டகையில் பிட்காயின் கம்ப்யூட்டர் மெஷின்களைச் சூடு தணிய எண்ணெய்த் தொட்டியில் முக்கி வைக்கிறார்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது காலி எண்ணெய் கேன் ஒன்றைக் கொடுத்தார். "கெட்டியான கேன், தண்ணி புடிக்க வச்சிக்கோ." சோப்புப் போட்டுக் கழுவி என் சிப்ஸ் கடையில் வைத்தேன்.

மார்ச் 9

மேட்டு டிரான்ஸ்பார்மரில் எவனோ எண்ணெய் திருடிவிட்டான். எங்கள் ஊர் கெருகோயாவில் பாதி இருட்டு. அந்த எண்ணெய் சீக்கிரம் கருகாது என்று சிப்ஸ் பொரிக்கிறவர்கள் வாங்குவார்களாம். விஷமாச்சே!

மார்ச் 11

பைக் டாக்ஸி ஓட்டுகிற முதிகே கேனைக் காட்டி, "அக்கா, கரண்ட் எண்ணெய்ல ஒரு தட்டு போடு, வயித்துல பல்பு எரியுதான்னு பாப்போம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 14

ஈ ஓட்டினேன்.

மார்ச் 16

கேனைத் தூக்கி எறிந்தேன். "பாத்தியா, ஒளிச்சிட்டா" என்கிறார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் புது எண்ணெய் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றி, பொரித்து, நானே தின்றேன். பக்கத்துத் தக்காளிக் கடை வவீரா சொல்கிறாள், "பாக்கெட்டுக்குள்ள எது இருக்குன்னு யாருடி கண்டா? நெருப்பில்லாம பொகையுமா?" மழைக்கு என் குடையில் ஒதுங்குகிறவள். பாவி, நீயுமா?

மார்ச் 19

அழுதேன். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விடு" என்றார் முரிமி. இவர் ஒருத்தர் போதும் எனக்கு.

மார்ச் 23

விற்காத சிப்ஸை அவருக்கே சூடாகக் கொண்டுபோனேன். "வயிறு சரியில்ல" என்றார். கூட வேலை செய்கிற கிபிச்சோ என்னிடம், "உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பப் பொறுப்புங்க. யாரும் சொல்லாமலே தெனமும் நீங்க வந்துட்டுப் போனதும் தொட்டில குச்சி விட்டு எண்ணெய் அளக்குறாரு" என்றார். முரிமி தலை நிமிரவில்லை.

நான் போனதும் — எண்ணெய் எடுத்தேனா என்று என்னையா? கட்டிக்கொண்டவளையா?

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டால் செத்தா போயிருப்பார்?

மார்ச் 24

கேட்கவில்லை. நானும்.

மார்ச் 30

கடையை மூடிவிட்டேன். மிஞ்சிய உருளைக்கிழங்கை வெறும் தண்ணீரில் அவித்து, உப்புப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். சாப்பிட்டார். "இன்னும் இருக்கா?" என்றார்.